ஞாயிறு பள்ளியில் நெல்லிக்கனிக் கதை சொன்னது தவறா?

தர்மபுரி டீச்சர்:
எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் 11 ஆண்டுகளாக வகுப்பு எடுக்கிறேன். போன வாரப் பாடம் யோவான் 15:13, சிநேகிதருக்காக உயிரையே கொடுக்கும் அன்பு. 10 வயதுப் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்வது? பாதிப் பேர் அதியமான்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். அதனால் அதியமானையே துணைக்கு அழைத்துக்கொண்டேன். நீண்ட ஆயுள் தரும் அரிய நெல்லிக்கனி கிடைத்தும், தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்துவிட்டானே, அந்தக் கதை. “மிஸ், ஆளுக்குப் பாதி தின்றிருக்கலாமே” என்றான் ஒரு பையன். நியாயமான கேள்விதான், திணறிப்போனேன்.

ஆராதனை முடிந்து செருப்பை மாட்டும்போது மூப்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். “ஞானத்துக்கு வேதம் போதாதா அம்மா? புறஜாதி ராஜா எதற்கு?” என் அப்பா வயது அவருக்கு. பேசாமல் வந்துவிட்டேன். மனம்தான் ஆறவில்லை. எறும்பிடம் போய் ஞானம் கற்றுக்கொள் என்று சோம்பேறியை அனுப்புவதே வேதத்திலுள்ள நீதிமொழிகள்தானே? அந்த எறும்பு எந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றது?

பாலக்கோட்டுக்காரன்:
நான் மூப்பர் பக்கம் கொஞ்சம் நிற்கிறேன், சகோதரி. நீங்கள் சொன்ன கதை புறநானூற்றின் 91ஆம் பாட்டில் இருக்கிறது. அதில் ஔவை அதியமானை எப்படி வாழ்த்துகிறார்? நீலமணி மிடற்றோனைப் போல நிலைத்து வாழ்க என்று. அது சிவன். பிள்ளைகளிடம் அதைச் சொன்னீர்களா? கொட்டையை எடுத்துவிட்டுக் கனியை மட்டும் கொடுத்தீர்களா?

தர்மபுரி டீச்சர்:
சொல்லவில்லை. அந்த வரி நினைவுக்கு வரவில்லை என்றால் பொய் சொன்னவள் ஆவேன்.

ஓசூர், ஓய்வுபெற்ற போதகர்:
அம்மா, அப்போஸ்தலர் 17:28ஐ எடுங்கள். அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணத்தில் அப்போஸ்தலன் பவுல் சொல்லும் “நாம் அவருடைய சந்ததியார்” என்பது அராட்டஸ் என்ற கிரேக்கப் புலவரின் வரி. அந்தப் பாட்டில் ‘அவர்’ என்பது சீயஸ் தெய்வம். பவுலுக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும். உங்கள் புலவர்களே சொல்லியிருக்கிறார்கள் என்று வெளிப்படையாகவே எடுத்தார். தீத்து 1:12லும் கிரேத்தாத் தீவுக்காரர் ஒருவரின் வரியை எடுத்தார். ஆகவே சிவன் பெயரைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை.

மூப்பரின் பயமும் வெறும் பயமல்ல. லௌகிக ஞானத்தைப் பற்றி எச்சரிக்கும் கொலோசெயர் 2:8ம் பவுலின் நிருபத்தில்தான் இருக்கிறது. அத்தேனேயில் அவர் புலவரின் வரியோடு நின்றுவிடவில்லை. உயிர்த்தெழுதல் வரை போனார். சிலர் கேலி செய்தது அங்கேதான். உங்கள் வகுப்பு எதுவரை போனது?

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:
யாத்திராகமம் 18ஐ யாரும் சொல்லவில்லையே! காலை முதல் மாலை வரை வழக்குத் தீர்த்துக் களைத்த மோசேக்கு, ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் தலைவர்களை வை என்று யோசனை சொன்னவர் மாமனார் எத்திரோ, மீதியானின் ஆசாரியர், அவரும் இஸ்ரவேலர் அல்லாத புறஜாதிதான். மோசே மறுபேச்சில்லாமல் கேட்டார். மாமனார் சொல் கேட்ட மருமகன் என்பதற்காகவே அந்த அதிகாரம் எனக்குப் பிடிக்கும்.

தர்மபுரி டீச்சர்:
போதகர் ஐயா, சிலுவை வரை போகவில்லை. அந்தப் பையனோடு மல்லுக்கட்டுவதற்குள் மணி அடித்துவிட்டது. இந்த ஞாயிறு மீதியைச் சொல்கிறேன், நீலமணி மிடற்றையும் சேர்த்தே. மூப்பரையும் வகுப்பில் வந்து உட்காரும்படி அழைத்தேன். வருகிறாராம். “நெல்லிக்காய் வாங்கி வரட்டுமா?” என்றும் கேட்டார். கிண்டலா என்று புரியவில்லை.