ஃபேன் சுத்துற பிளேனில் அம்மாவை ஏற்றலாமா?

களுவாஞ்சிக்குடி_மகள்:
அம்மாவுக்குச் சென்னையில் கண் ஒப்பரேசன், திகதி குறித்தாகிவிட்டது. கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போக வேண்டாம், மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய் அங்குள்ள பலாலி விமான நிலையத்தில் ஏறுவோம் என்கிறான் தம்பி. எனக்கும் சரிதான், ஆனால் அவன் சும்மா இருக்காமல் அந்த ஏடிஆர் பிளேனின் படத்தை அம்மாவிடம் காட்டிவிட்டான். இரண்டு பக்கமும் ஃபேன் சுத்துவதைப் பார்த்ததிலிருந்து "இது அந்தக் காலத்துப் பிளேன் மகள், ஒண்டு நிண்டா என்ன செய்யிற" என்று ஒரே பிடி. உண்மையிலேயே பழசா? ஒரு ஃபேன் நின்றால் என்ன ஆகும்? முழங்கால் வருத்தம் வேறு, படி ஏற ஏலாது.

சம்மாந்துறை_நானா:
தங்கச்சி, வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் பதினொரு வருடம் சாமான் ஏற்றி இறக்கினவன் நான், இந்தப் பிளேனின் வாலுக்குக் கீழே நின்றே பாதி வெயிலைக் கழித்தேன். ஃபேனைச் சுற்றுவதும் ஜெட்டில் இருக்கிற மாதிரி டர்பைன் எஞ்சின்தான். உள்ளே டர்பைன் நிமிடத்துக்கு 20,000 சுற்று அளவில் ஓடும், கியர்பாக்ஸ் அதைக் குறைத்து ஃபேனை 1,200 சுற்றுக்குக் கொண்டுவரும். ஏடிஆர் 72 முதலில் பறந்தது 1988இல், இன்றைக்கும் பிரான்சில் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பலாலி ஓடுபாதை குட்டை, பெரிய ஜெட்டுக்குக் காணாது, அதனால்தான் இது வருகிறது. வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவு. சென்னை ஏறக்குறைய 350 கிலோமீட்டர்தானே, ஜெட்டில் போனாலும் மிஞ்சுவது கால் மணித்தியாலம்.

ஒரு எஞ்சின் நின்றால் அந்தப் பக்கத்து ஃபேன் இதழ்கள் தானாகத் திரும்பிக் காற்றுக்கு ஓரம் காட்டி நிற்கும், பிளேனைப் பின்னுக்கு இழுக்காது. மற்ற எஞ்சினை வைத்தே மேலெழும்பித் திரும்பி வந்து இறங்க முடியும் என்று காட்டினால்தான் பறக்க அனுமதி.

அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: ஏறும்போது வலது எஞ்சின் இரையும், ஆனால் ஃபேன் அசையாது. பழுது இல்லை. பிரேக் போட்டு ஃபேனைப் பிடித்துக்கொண்டு, கரண்டுக்கும் ஏசிக்கும் எஞ்சினை மட்டும் ஓட விடுவார்கள். வாலுக்குக் கீழே ஒரு கம்பு முட்டுக் கொடுத்திருக்கும், அதையும் பார்த்துப் பயப்பட வேண்டாம். பின்கதவால் எல்லாரும் ஏறும்போது பிளேன் பின்னுக்குச் சாயாமல் இருக்கத்தான் அது.

வாவிக்கரை:
நானா சொல்வது சரி, ஆனால் எல்லாம் சர்க்கரை இல்லை. 2023 ஜனவரியில் நேபாளத்துப் பொக்காராவில் விழுந்து 72 பேர் செத்தது இதே ஏடிஆர் 72தான்.

சம்மாந்துறை_நானா:
ஓம் தம்பி, மறைக்கவில்லை. அங்கே எஞ்சின் பழுதாகவில்லை. ஃபிளாப், அதாவது இறங்கும்போது இறக்கையின் பின்னோரத்தில் கீழே விரிக்கும் தகடு, அதன் நெம்புகோலை இழுக்க வேண்டிய விமானி பக்கத்தில் இருந்த மற்ற நெம்புகோல்களை இழுத்ததில் இரண்டு ஃபேனும் ஒன்றாக ஓரம் திரும்பித் தள்ளுவிசை போய்விட்டது என்றுதான் விசாரணையில் வந்தது. ஜெட்டிலும் ஆள் பிழை விடுவான்.

கல்லடிப்_பாலம்:
போன மாரியில் பலாலியால் போய் வந்தேன். 25,000 அடிக்கு மேல் ஏறாது, அதனால் முகிலுக்கு மேலே போகாமல் ஊடாகப் போகும். கார்த்திகை மழையில் வெருகல் பக்கம் பழைய றோட்டில் பஸ் போன மாதிரிக் குலுக்கியது, பக்கத்தில் இருந்த ஐயா தேவாரம் முடித்துத் திரும்பவும் தொடங்கினார். ஏலுமென்றால் மாசி, பங்குனியில் போங்கள். சத்தம் ஃபேனுக்கு நேரே உள்ள சீட்டுகளில்தான் கூட, பின்வரிசை கேளுங்கள். கதவும் அங்கேதான், அம்மா நடக்கவும் தேவையில்லை. படி கதவோடு சேர்ந்தது, நாலைந்து தட்டுத்தான், ஆனால் ஒடுக்கம், நீங்கள் பின்னால் நின்று பிடியுங்கள். உள்ளே தலைக்கு மேலே சாமான் வைக்கிற தட்டு சின்னது, பெரிய கைப்பை கொள்ளாது.

களுவாஞ்சிக்குடி_மகள்:
நானாவின் பதிலை வாசித்துக் காட்டினேன். ஃபேன் கதை காதில் ஏறவில்லை, கம்பு முட்டுக் கொடுக்கிறார்கள் என்றதும்தான் "அப்ப கவனமாத்தான் வெச்சிருக்காங்க" என்றா. திகதியை மாசிக்கு மாற்ற முடியுமா என்று நாளைக்குக் கேட்கிறேன். கடைசி வரிசைச் சீட் சாயுமா, யாருக்காவது தெரியுமா?