பள்ளிக்கூடத்துல லேத்து சொல்லிக்கொடுக்கிற வேலை கிடைக்குமா?

சூரமங்கலம் டர்னர்:
ஐடிஐ டர்னர், மெக்கானிக்கல் டிப்ளமோவும் இருக்கு. பட்டறையில கம்ப்யூட்டர்ல ஓடுற சிஎன்சி மெஷின் வந்ததுலேர்ந்து என் கைக்கு வேலை குறைஞ்சுபோச்சு. புதுசா வர்ற பசங்களுக்கு வெர்னியர் அளவுகோல் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறது நான்தான், ஓனரே 'வாத்தியாரே'ன்னுதான் கூப்பிடுவார். ப்ளஸ் டூ தொழிற்பிரிவுல வாத்தியாராப் போக என்ன வழி? ஒருத்தர் முன்பணம் கட்டினா போஸ்டிங் வாங்கித் தர்றேங்கிறார். வீட்டுல வேண்டாங்கிறா.

ஓமலூர் பெரியவர்:
வீட்டுல சொல்றதைக் கேளுங்க தம்பி, பைசா குடுக்காதீங்க. அரசுப் பள்ளியில பொது இயந்திரவியல் நடத்தி ரிட்டயர் ஆனவன் நான். 1978ல ப்ளஸ் டூ வந்தப்பவே தொழிற்பிரிவும் வந்துச்சு. எங்க செட்டைப் பகுதிநேரமா எடுத்துப் பின்னால நிரந்தரம் பண்ணாங்க. இப்ப நான் பாக்கிற பக்கமெல்லாம் வாத்தியார் ரிட்டயர் ஆனா குரூப்பையே மூடிடுறாங்க. நான் ஓட்டின லேத்து மேல பழைய கேள்வித்தாள் கட்டு அடுக்கிக் கெடக்கு. வேலைப்பொருளை இறுக்குற சக்கு சாவி எங்கேன்னே தெரியலையாம்.

ஆத்தூர் தையல்:
அண்ணா, நான் பள்ளிக்கூடத்துல தொழில் சொல்லிக்கொடுக்கிற என்எஸ்கியூஎஃப் (தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு) பயிற்றுநர். ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்துல வர்ற வேலை. வேலை பள்ளிக்கூடத்துல, சம்பளம் போடுறது ஒப்பந்த நிறுவனம். என்கிட்ட பி.எட். கேக்கலை, சர்டிபிகேட்டும் அனுபவமும்தான் பாத்தாங்க. பசங்களோட இருக்கிறது சந்தோஷம்தான், ஆனா சம்பளம் மாசம் தள்ளித்தான் வரும், ஒப்பந்தம் முடியறப்போ வயித்துல புளியைக் கரைக்கும். ஓனர்கிட்ட லெட்டர்ஹெட்ல அனுபவச் சான்று இப்பவே வாங்கிடுங்க, சண்டை போட்டு வெளிய வந்தப்புறம் தரமாட்டாங்க.

கோரிமேடு:
பள்ளிக்கூடத்தையே பிடிச்சுத் தொங்காதீங்க. ஐடிஐக்கு வர்றதும் பத்தாவது முடிச்ச பசங்கதான். சிஐடிஎஸ்னு தொழில் சொல்லிக்கொடுக்கப் பழக்குற ஒரு வருஷ கோர்ஸ், சென்னை கிண்டியில என்எஸ்டிஐங்கிற மத்திய அரசுப் பயிற்சி நிலையத்துல இருக்கு. அதை முடிச்சா ஐடிஐ இன்ஸ்ட்ரக்டர் வேலைக்குக் கை கொடுக்கும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை 3 வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும், விட்டுடாதீங்க.
இன்டர்வியூவுல என்னை டேப்பர் டர்னிங், அதாவது சரிவாக் கடையறதை, நடத்தச் சொன்னாங்க. எனக்கு முன்னாடி போனவர் போர்டு நிறைய ஃபார்முலா எழுதினார். நான் நேரா லேத்துக்குப் போயி, உளியைத் தாங்குற காம்பவுண்ட் ரெஸ்ட் நட்டைத் தளர்த்தி, டிகிரி பாத்துத் திருப்பி, ஒரு கட் ஓட்டிக் காட்டினேன். உங்களுக்கு இது தண்ணி பட்ட பாடுதானே.

சூரமங்கலம் டர்னர்:
அந்தாளுக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். கிண்டியில ஒரு வருஷம் சம்பளமில்லாம எப்படிங்க ஓட்டினீங்க?

கோரிமேடு:
இன்ஸ்டிட்யூட்டுக்குப் பக்கத்துலயே தொழிற்பேட்டை. சாயங்காலம் ஒரு பட்டறையில நின்னேன். கேட்டுல 'டர்னர் தேவை' போர்டு தொங்கும், பாத்துக்கிட்டே போங்க.