ஒரே கட்டியாக இருக்கும் சி பிளஸ் பிளஸ் ப்ராஜெக்டை சிமேக்கில் மாட்யூல்களாகப் பிரிப்பது எப்படி?

விதைநெல்:

வணக்கம். சுமார் 400 சோர்ஸ் ஃபைல் உள்ள ப்ராஜெக்ட். எல்லாவற்றையும் குளோப் (பெயர் வடிவத்தைப் பொருத்தி ஃபைல்களைத் தானாகச் சேர்ப்பது) போட்டு அள்ளி, ஒரே சிமேக் (பில்ட் விதிகளை எழுதும் கருவி) ஃபைலில் ஒரே எக்ஸிக்யூட்டபிளாக பில்ட் செய்கிறோம். மேலே ‘இன்க்ளூட்_டைரக்டரீஸ்’ வரியில், ஹெடர்களைத் தேட 17 பாதைகள். ஒரு ஹெடரில் கமெண்டை மாற்றினாலும் பாதி ப்ராஜெக்ட் திரும்ப கம்பைல் ஆகிறது. ஒரு பகுதியை மட்டும் தனியே எடுத்து டெஸ்ட் எழுத வழியில்லை.

கோர், பார்சர், நெட்வொர்க், யூஐ என நான்கு ஸ்டாட்டிக் லைப்ரரியாகப் பிரித்துப் பார்த்தேன். மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டது. பார்சர் கோரை லிங்க் செய்கிறது, ஆனால் கோரிலும் பார்சரின் ஃபங்ஷன் ஒன்றைக் கூப்பிடும் இடம் இருக்கிறது. லிங்க் கட்டத்தில் ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’, அதாவது கூப்பிட்ட ஃபங்ஷன் கிடைக்கவில்லை என்ற பிழை. அடுத்து, பார்சரில் ஒரு ஸ்கிரிப்ட் உருவாக்கும் ஹெடர் உண்டு. அதை நெட்வொர்க்கும் இன்க்ளூட் செய்கிறது. சுத்தமான பில்டில் சில சமயம் மட்டும் ‘அப்படி ஒரு ஃபைல் இல்லை’ என்று நிற்கிறது. மறுபடி ஓட்டினால் சரியாகிவிடுகிறது. மூன்றாவது, ஃபைல் ஃபார்மட்டுகள் குளோபல் ஆப்ஜெக்ட் மூலம் தங்களைத் தாங்களே பதிவு செய்துகொள்ளும். லைப்ரரியாக மாற்றியபின் பில்ட் பிழையே இல்லை, ஆனால் ஓடும்போது பதிவுப் பட்டியல் காலி.

சிமேக் 3.22, பில்டை ஓட்ட நிஞ்சா, லினக்ஸில் கம்பைலர் ஜிசிசி.

நூற்கண்டு:

வேறு எதையும் தொடுவதற்கு முன் அந்த 17 பாதை வரியை எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை யாரும் எந்த ஹெடரையும் இன்க்ளூட் செய்யலாம். டைரக்டரி பிரிந்திருக்கும், மாட்யூல் பிரிந்திருக்காது. இரண்டு இடத்தில் ‘யூடில்ஸ்’ என்று ஹெடர் இருந்தால் பாதை வரிசையில் எது முந்தியோ அதுதான் கிடைக்கும், கம்பைலர் ஒரு எச்சரிக்கைகூடத் தராது.

நான்கையும் ஒரே மூச்சில் பிரிக்காதீர்கள். கோரை மட்டும் முதலில் எடுங்கள், மீதி எல்லாம் பழைய எக்ஸிக்யூட்டபிளிலேயே இருக்கட்டும். கோர் டைரக்டரிக்குள் ‘இன்க்ளூட்’, அதற்குள் மறுபடியும் ‘கோர்’ என்று ஒரு டைரக்டரி. வெளியே காட்டும் ஹெடர்கள் அதில் மட்டும். மற்றவை எல்லாம் ‘சோர்ஸ்’ டைரக்டரியில், உள் ஹெடர்கள் உட்பட. இப்போது பிறர் இன்க்ளூட் செய்யும்போது ‘கோர்/யூடில்ஸ்’ என்று மாட்யூல் பெயரோடுதான் எழுத முடியும், பெயர் மோதல் போய்விடும்.

அந்த டைரக்டரிக்கான சிமேக் ஃபைலில் ‘ஆட்_லைப்ரரி’ வரியில் சோர்ஸ் ஃபைல்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதுங்கள். குளோப் வேண்டாம். குளோபில் புதிய ஃபைல் வந்தது தெரிய சிமேக்கைத் திரும்ப ஓட்ட வேண்டும். கிட்டில் (git) இருந்து இழுத்தவருக்கு அது நினைவிருக்காது, லிங்க் பிழையில் போய் முட்டுவார். பட்டியலாக இருந்தால் சிமேக் ஃபைலே மாறியிருக்கும், நிஞ்சா தானாகவே கான்ஃபிகரைத் திரும்ப ஓட்டிவிடும். பிறகு ‘டார்கெட்_இன்க்ளூட்_டைரக்டரீஸ்’ வரியில் ‘இன்க்ளூட்’ டைரக்டரியைப் பப்ளிக்காகவும் (லிங்க் செய்பவருக்கும் தெரியும்) ‘சோர்ஸ்’ டைரக்டரியைப் பிரைவேட்டாகவும் (கோருக்குள் மட்டும்) கொடுங்கள்.

கடைசியாக ஒரு ஏலியஸ், அதாவது மாற்றுப்பெயர்: ‘ஆப்::கோர்’. பலர் இதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். லிங்க் வரியில் வெறும் ‘கோர்’ என்று எழுதும் இடத்தில் கைதவறி ‘கோற்’ என்று விழுந்தால், அது சிஸ்டத்தில் உள்ள ஏதோ லைப்ரரி என்று எடுத்துக்கொண்டு சிமேக் அப்படியே லிங்கருக்கு அனுப்பிவிடும். பிழை தெரியவரும்போது பில்ட் முக்கால்வாசி முடிந்திருக்கும். இரட்டைக் கோலன் உள்ள பெயரை டார்கெட்டாக (சிமேக்கில் அறிவித்த லைப்ரரி போன்றது) மட்டுமே பார்க்கும், இல்லாவிட்டால் பில்ட் தொடங்கும் முன்பே நிறுத்திவிடும்.

கல்தச்சன்:

முதல் சிக்கலும் மூன்றாவதும் ஒரே வேரில் இருந்து வருபவை. ஸ்டாட்டிக் லைப்ரரி என்பது ஆப்ஜெக்ட் ஃபைல்களின் மூட்டை, அவ்வளவுதான். லிங்கர் இடமிருந்து வலமாகப் படித்துப் போகும். ஒரு மூட்டையைத் திறக்கும் நேரத்தில் எந்தெந்த சிம்பலுக்கு (ஃபங்ஷன், மாறி ஆகியவற்றின் பெயர்) விடை தேடிக்கொண்டிருக்கிறதோ, அதைத் தரும் ஆப்ஜெக்ட் ஃபைலை மட்டும் உருவி எடுக்கும். மீதியை விட்டுவிடும்.

பார்சர் முதலில், கோர் பிறகு என்ற வரிசையில் வருகிறது. கோரில் இருந்து எடுத்த ஃபைலுக்குப் பார்சரின் ஃபங்ஷன் தேவை. அதைத் தரும் ஆப்ஜெக்ட் அதற்குள் உள்ளே வந்திருக்காவிட்டால் பிழைதான், பார்சர் மூட்டையை அது தாண்டி வந்தாயிற்று. கோரும் பார்சரைச் சார்ந்தது என்று இன்னொரு வரி எழுதினால் சிமேக் இரண்டையும் லிங்க் வரியில் திரும்பப் போட்டு வேலையை முடித்துவிடும். ஸ்டாட்டிக் லைப்ரரிக்கு மட்டும் இந்தச் சுழற்சியை அது அனுமதிக்கும். ஆனால் அப்படிச் செய்யாதீர்கள். கோருக்கு எழுதும் டெஸ்டிலும் பார்சர் வந்து ஒட்டிக்கொள்ளும், பிரித்ததன் பயனே போய்விடும். கோரில் ஒரு இன்டர்ஃபேஸ் கிளாஸ் (ஃபங்ஷன்களின் வடிவம் மட்டும் உள்ளது) வையுங்கள், பார்சர் அதை எழுதி நிரப்பட்டும், இரண்டையும் ‘மெயின்’ இணைக்கட்டும்.

பதிவுப் பட்டியல் காலியாவதற்கும் இதே உருவும் வேலைதான் காரணம். அந்த குளோபல் ஆப்ஜெக்ட் இருக்கும் ஃபைலில் உள்ள எந்த சிம்பலையும் யாரும் கேட்கவில்லை. அதனால் லிங்கர் அந்த ஆப்ஜெக்ட் ஃபைலைத் தொடவே இல்லை. நல்ல தீர்வு: ‘எல்லா ஃபார்மட்டையும் பதிவு செய்’ என்று ஒரு ஃபங்ஷன், அதில் ஒவ்வொரு ஃபார்மட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, அதை மெயினில் இருந்து அழைப்பது. ஃபார்மட் சேர்க்க ஒரு வரி கூடுதல், ஆனால் எந்த லிங்கரிலும் உடையாது.

அதை மாற்ற முடியாவிட்டால், அந்த ஃபைல்களை மட்டும் ‘ஆப்ஜெக்ட்’ வகை லைப்ரரியாக்குங்கள். சிமேக் 3.12 முதல் அதையும் சாதாரண லிங்க் வரியில் கொடுக்கலாம். ஒரு கவனம்: ஆப்ஜெக்ட் ஃபைல்கள் நேரடியாக லிங்க் செய்பவருக்கு மட்டுமே போகும், இன்னொரு லைப்ரரி வழியாக எக்ஸிக்யூட்டபிளுக்குக் கடந்து போகாது. ஆகவே எக்ஸிக்யூட்டபிளிலேயே அந்த வரி இருக்க வேண்டும். ‘ஹோல் ஆர்க்கைவ்’ என்று மூட்டை முழுவதையும் இழுக்கும் வசதி சிமேக்கிலேயே வந்தது 3.24-ல், உங்கள் 3.22-ல் கிடையாது. லிங்கர் ஃபிளாகை நேரடியாக எழுதினால் சிமேக் வரிசையை மாற்றவோ, இருமுறை வரும் ஃபிளாகை ஒன்றாக்கவோ கூடும், நம்ப முடியாது.

படிக்கட்டு:

ரெண்டாவது சிக்கலுக்கு. ‘ரெண்டாவது தடவை ஓட்டினா சரியாகுது’ன்னாலே எங்கேயோ ஒரு சார்பு சொல்லப்படாம இருக்குன்னு அர்த்தம். முதல் பில்டில் எந்த சோர்ஸ் எந்த ஹெடரை இன்க்ளூட் பண்ணுதுன்னு நிஞ்சாவுக்குத் தெரியாது, கம்பைல் முடிஞ்ச பிறகுதான் கம்பைலர் சொல்லும். அதனால நெட்வொர்க் ஃபைலும் ஸ்கிரிப்டும் ஒரே நேரத்தில் ஓடுது, யார் முந்துறாங்களோ அதைப் பொறுத்து பில்ட் நிக்கும் அல்லது போகும். ஒரு தடவை கம்பைல் ஆகிட்டா அந்தத் தகவல் நிஞ்சாகிட்ட சேமிப்பில் இருக்கும், அப்புறம் வராது. பிழை மறைஞ்சிருக்கு, தீரலை.

‘ஆட்_கஸ்டம்_கமாண்ட்’ வரியில் அவுட்புட்டில் ஹெடர் பெயர், டிபெண்ட்ஸில் ஸ்கிரிப்ட், அது படிக்கிற இன்புட் ஃபைல் ரெண்டும் வரணும். ஸ்கிரிப்டை விட்டுட்டா, அதைத் திருத்தினாலும் ஹெடர் பழசாவே இருக்கும். ஹெடரை சோர்ஸ் பக்கம் எழுதாம ‘கரன்ட் பைனரி டைரக்டரி’யில் எழுதுங்க, அதைப் பார்சரோட பப்ளிக் பாதையில் சேருங்க, ஹெடர் பெயரைப் பார்சரோட சோர்ஸ் பட்டியலிலும் போடுங்க. நெட்வொர்க் பார்சரை லிங்க் பண்ணினாலே போதும், வரிசை தானா அமைஞ்சுடும். லிங்க் தேவையில்லைன்னா ‘ஆட்_டிபென்டென்ஸீஸ்’. அதே ஹெடரை நெட்வொர்க்கோட சோர்ஸ் பட்டியலிலும் போட்டு சமாளிக்காதீங்க. அந்த கஸ்டம் கமாண்ட் எழுதின டைரக்டரிக்கு வெளியே சிமேக்குக்கு அது தெரியாது.

சரியாச்சான்னு பார்க்க, நிஞ்சா 1.11 அல்லது அதற்கு மேல இருந்தா, முழு பில்ட் முடிஞ்சதும் நிஞ்சாவை ‘-t மிஸ்ஸிங்டெப்ஸ்’னு ஓட்டுங்க, t சின்ன எழுத்து. ஜெனரேட் ஆன ஃபைலைச் சார்ந்திருந்தும் அதைச் சொல்லாத டார்கெட்டுகளைப் பெயரோட காட்டும்.

விதைநெல்:

மூவருக்கும் நன்றி. இன்டர்ஃபேஸ் கிளாஸ் வைத்ததும் கோர் தனியாக லிங்க் ஆகிறது. ஒரு சந்தேகம்: லிங்க் வரியில் பப்ளிக்கா பிரைவேட்டா என்பதை எப்படி முடிவு செய்வது? பிரைவேட் போட்டால் எக்ஸிக்யூட்டபிளில் கோர் விடுபட்டுப் போகாதா?

நூற்கண்டு:

போகாது. ஸ்டாட்டிக் லைப்ரரி பிறருடைய ஆப்ஜெக்டைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை என்று சிமேக்குக்குத் தெரியும். பிரைவேட்டாக இருந்தாலும் கடைசி லிங்க் வரிவரை கோரைக் கொண்டுபோகும். மறைப்பது இன்க்ளூட் பாதை, மேக்ரோ போன்றவற்றை மட்டும்.

முடிவு செய்ய ஹெடரைப் பாருங்கள். பார்சரின் வெளி ஹெடரில் கோரின் ஹெடரை இன்க்ளூட் செய்திருந்தால் பப்ளிக். சோர்ஸ் ஃபைலில் மட்டும் என்றால் பிரைவேட். சோர்ஸே இல்லாத ஹெடர் லைப்ரரிக்கு, இவ்விரண்டுக்கும் பதில் ‘இன்டர்ஃபேஸ்’ என்ற சொல். குழப்பமாக இருந்தால் பிரைவேட் போட்டு பில்ட் செய்யுங்கள். எங்கே ஹெடர் கிடைக்கவில்லை என்கிறதோ அங்கே அந்த இன்க்ளூட் உண்மையிலேயே ஹெடரில் வேண்டுமா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். பாயின்டரும் ரெஃபரன்ஸும் மட்டும் என்றால் முன்னறிவிப்பு (கிளாஸின் பெயரை மட்டும் அறிவிப்பது) போதும். ‘பாதி ப்ராஜெக்ட் கம்பைல் ஆகிறது’ என்ற உங்கள் முதல் குறை தீருவது இந்த இடத்தில்தான்.

கல்தச்சன்:

அதோடு, காரணமே இல்லாமல் கம்பைல் ஆவதுபோல் தோன்றினால் நிஞ்சாவை ‘-d எக்ஸ்ப்ளெய்ன்’ என்று ஓட்டுங்கள். எந்த ஃபைல் எதைவிடப் பழசு என்று வரிவரியாகச் சொல்லும். அடிக்கடி பிடிபடுவது, கமிட் எண்ணைத் தாங்கிய வெர்ஷன் ஹெடர். அதை 200 ஃபைல் இன்க்ளூட் செய்தால் ஒவ்வொரு கமிட்டுக்கும் 200 கம்பைல். அந்த எண்ணை ஒரே ஒரு சோர்ஸ் ஃபைலில் வைத்து, ஹெடரில் அதைத் திருப்பித் தரும் ஃபங்ஷனின் அறிவிப்பை மட்டும் வையுங்கள்.