‘கேரி’க்குத் தாய்லாந்தில் என்ன சொல்? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

பாங்காக்குக்கு வேலைக்கு வந்த புதிதில் ஆங்கிலம் வழியாகத்தான் தாய்லாந்து மொழி படித்தேன். அகராதியில் ‘கேரி’ (carry) என்று தேடியதும் ‘பேக்’ என்று வந்தது. சரி, சுமப்பதற்கு இதுதான் சொல் என்று மனத்தில் பதித்துக்கொண்டேன். ஒருநாள் லிஃப்டில் பக்கத்து வீட்டு அக்கா கைக்குழந்தையோடும் இரண்டு காய்கறிப் பைகளோடும் தவித்தார். “குழந்தையை நான் பேக் பண்ணட்டுமா?” என்றேன். அவர் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

அப்புறம் அவரே பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பேக் என்றால் அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றுவது. குழந்தைக்கு ‘உம்’. கையில் தொங்கும் பைக்கு ‘ஹிவ்’. தோளில் வார் மாட்டினால் ‘சபாய்’, தலையில் வைத்தால் ‘தூன்’, கூடையை இடுப்பில் அணைத்தால் ‘க்ரதியாத்’. இரண்டு பேர் கம்பில் கட்டித் தூக்கினால் ‘ஹாம்’. ஒரே ஆள் கம்பின் இரு முனையிலும் கூடை தொங்கவிட்டால் ‘ஹாப்’. தெருத்தெருவாகச் சுற்றி விற்பவர்களுக்கு ‘ஹாப்-ரே’ என்று பெயர் வந்ததே இதிலிருந்துதான்.

இத்தனைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் எப்படிப் போதுகிறது என்று தேடினேன். ‘கேரி’ பிறந்தது வண்டியில். பண்டைய ஐரோப்பிய மக்களான கெல்ட்டியர்களின் வண்டிப் பெயரை லத்தீன் ‘காருஸ்’ என்று எடுத்துக்கொண்டது. அது நார்மன் பிரெஞ்சு வழியாக, 14-ஆம் நூற்றாண்டில், ‘வண்டியில் ஏற்றிக்கொண்டு போ’ என்ற பொருளோடு ஆங்கிலத்துக்குள் வந்தது. கார், கார்கோ, சார்ஜ் எல்லாம் இதன் உறவுகள். சுமை தோளில் இருக்கிறதா இடுப்பில் இருக்கிறதா என்ற கேள்வி வண்டிக்கு ஏது? தாய்லாந்துச் சொற்களோ உடம்பைப் பார்த்துப் பிறந்தவை. தமிழும் அப்படித்தான்: ஏந்து, இடுக்கு, சும, தூக்கு. நான் தமிழிலிருந்தே நேராகப் படித்திருக்க வேண்டும்.

உங்களுக்கு இப்படி நேர்ந்ததுண்டா?

———

நான் யாழ்ப்பாணம். எங்கட ஊரில் இன்றைக்கும் ‘வாளியைக் காவிக்கொண்டு வா’ என்றுதான் சொல்லுவோம். சங்கப் பாட்டில் பாணர்கள் தங்கள் கருவிகளைக் காவிக்கொண்டு நடந்த அதே சொல். காவடியும் அதிலிருந்து வந்ததுதான். தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் ஓர் அம்மா ஹாப்பில் பழம் கொண்டுவந்ததைப் பார்த்தபோது ‘காவடி’ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். ஹாப்புக்கு நான் கண்ட சரியான மொழிபெயர்ப்பு அதுதான்.

———

நான் மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். ‘உம்’ என்ற சொல்லை மட்டும் எளிதில் கடந்துபோக முடியவில்லை. கருவுற்றிருப்பது ‘உம்-தோங்’, அதாவது வயிற்றில் ஏந்துவது. வாடகைத்தாய் முறைக்கு ‘உம்-புன்’ என்பார்கள். ‘புன்’ என்பது பாலி மொழியின் புஞ்ஞ, நம் புண்ணியம். நாம் வாடகை என்று சொல்லும் இடத்தில் அவர்கள் புண்ணியத்தை ஏந்துவதாகச் சொல்கிறார்கள். 2015-இல் பணத்துக்காக அதைச் செய்வதைச் சட்டம் தடை செய்த பிறகும் சொல் அப்படியே இருக்கிறது. தமிழ்த் தம்பதி ஒருவருக்கு இதை விளக்கியபோது அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இதே சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒருவரைக் கடத்திக்கொண்டுபோய்க் காணாமல் ஆக்குவதும் ‘உம்’தான். அதைத் தடுக்க 2022-இல் வந்த சட்டத்தை மக்கள் ‘உம்-ஹாய்’ சட்டம் என்கிறார்கள். ‘ஹாய்’ என்றால் காணாமல் போவது. குழந்தையை அணைக்கும் சொல் இதற்கும் ஆகிவந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

———

முதலில் எழுதியவன்தான். கனம் என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. ‘கேரி’ வருவதற்கு முன்பே ஆங்கிலத்தில் இருந்த சொல் ‘பேர்’ (bear). சமஸ்கிருத ‘பரதி’க்கும் அதற்கும் வேர் ஒன்று. அந்த வேரில் வந்த ‘பார’தான் நமக்குப் பாரம், தாய்லாந்துக்காரர்களுக்கு ‘பாரா’. அதைச் சொன்னால் மட்டும் இரண்டு பக்கமும் உடனே புரிகிறது.

லிஃப்டில் பார்த்த குழந்தைக்கு இப்போது மூன்று வயது. என்னைப் பார்த்தால் இரண்டு கையையும் தூக்கி “உம் நொய்” என்கிறாள். கொஞ்சம் தூக்கிக்கோயேன் என்று கேட்கிறாள்.