புதுப்பிப்பு: சர்வோ அசைந்தால் ஆர்டுயினோ மறுதொடக்கம் ஆகும் சிக்கல் தீர்ந்தது

எங்கள் பல்கலைக்கழகப் புத்தாக்க ஆய்வகத்தின் வடிவமைப்புச் சிந்தனைப் பயிலரங்கில் மாணவர்கள் செய்த, கை நீட்டினால் மூடி திறக்கும் குப்பைத்தொட்டி மாதிரியில், இரண்டு எஸ்ஜி90 சர்வோ மோட்டார்களும் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறு மோட்டார்கள்) அசையும்போதெல்லாம், அவற்றை இயக்கும் ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை தானாக மறுதொடக்கம் ஆவதைப் பற்றிச் சென்ற வாரம் இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

நிரலில் தாமதம் சேர்த்ததால் பயனில்லை. 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை இணைத்தபின் மறுதொடக்கம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. மோட்டார்களுக்குத் தனி மின்சாரம் கொடுக்கச் சொன்ன யோசனையே கைகொடுத்தது. மடிக்கணினியின் யுஎஸ்பி துளை தரும் 500 மில்லியாம்பியருக்குள் எல்லாவற்றையும் ஓட்ட முயன்றது எங்கள் பிழை; மோட்டார்கள் அசையும்போது பலகைக்கு மின்சாரம் போதாமல் போனது. இப்போது நான்கு ஏஏ பேட்டரிகள் மோட்டார்களை மட்டும் ஓட்டுகின்றன.

எதிர்பாராதது ஒன்று: மாற்றிய உடனே மோட்டார்கள் வெடவெடவென்று நடுங்கின. அரை மணி நேரம் நிரலைக் குடைந்த பிறகுதான், பேட்டரியின் எதிர்மின் முனையைப் பலகையின் ஜிஎன்டி (கிரவுண்ட், அதாவது மின்சுற்றின் பொது எதிர்) முனையோடு இணைக்க மறந்திருந்தது தெரிந்தது. ஒரே ஒரு கறுப்பு வயர்!

பயனர் சோதனையில் உணவகப் பணியாளர் ஒருவர், இரு கைகளிலும் தட்டு இருக்கும்போது எந்தக் கையை நீட்டுவது என்று கேட்டார்; சென்சாரைக் கால் உயரத்துக்கு இறக்கிவிட்டோம்.