சைரன் அப்புறம் வாங்கலாம், முதலில் ஒத்திகை: புரட்டாசி வேலைகள்

உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

நம் கடலோர ஊரின் பேரிடர் நிதியை எதற்குச் செலவிடலாம் என்று இந்த மடற்குழுவில் வந்த மடல்களைப் பயிற்சிக் குழுவில் உட்கார்ந்து படித்தோம். சைரன், ரப்பர் படகு, தார்ப்பாய் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எங்கள் கருத்து: இந்த வருஷப் பணத்தில் பெரும்பங்கு வீட்டை விட்டுக் கிளம்பும் ஒத்திகைக்கும், யாரை யார் கூட்டிப்போவது என்று எழுதிவைக்கும் வீட்டு அட்டைக்கும் போகட்டும். எந்தச் சத்தத்துக்கு எங்கே போகணும் என்று தெரியாத தெருவில் சைரன் ஊதினால், ஜனம் வாசலுக்கு வந்து வேடிக்கைதான் பார்க்கும்.

கஜா புயலையே எடுத்துக்கொள்வோம். 2018 நவம்பர் 16, நள்ளிரவு 12.30க்கும் 2.30க்கும் இடையே நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை கடந்தது. எச்சரிக்கை முன்கூட்டியே வந்ததுதான். ஆனால் செய்தியில் வருவது கரை கடக்கும் நேரம். வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரத்தை யாரும் சொல்வதில்லை, அதை நாம்தான் பின்னோக்கி எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டும். கடப்பதற்குப் பல மணி நேரம் முன்பே காற்று முறுக்கிவிடும், தென்னை மட்டை பறக்கும், ரோட்டில் மரம் விழும். அதற்கு ஆறு மணி நேரம் கழியுங்கள். வயசானவர்களைக் கூட்டிப்போக, மாட்டை அவிழ்க்க, பத்திரங்களை எடுக்க இன்னும் இரண்டு மணி நேரம் கழியுங்கள். நள்ளிரவில் கடக்கும் புயலுக்கு மாலை நாலு மணிக்கே வீடு பூட்டியிருக்க வேண்டும். இந்தக் கணக்கை ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது தானாகப் போடத் தெரிந்துகொண்டால் பயிற்சியில் பாதி முடிந்தது.

அடுத்தது புயலின் கண், அதாவது காற்று அடங்கிய அதன் நடுப்பகுதி. அது ஊர் மேல் வரும்போது காற்று சட்டென்று நின்றுவிடும். முடிந்தது என்று நினைத்துக் கூரையைப் பார்க்க வெளியே வருவார்கள். கண் நகர்ந்ததும் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். முதல் காற்றில் ஆடி நின்ற மரமும் சுவரும் இதில்தான் சாயும். குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால் அவர்களே தாத்தாவை வெளியே விடமாட்டார்கள்.

நிறங்களிலும் குழப்பம் இருக்கிறது. வானிலைத் துறையின் புயல் எச்சரிக்கையில் 48 மணி நேரம் முன்பு மஞ்சள், 24 மணி நேரம் முன்பு ஆரஞ்சு, அதன்பின் சிவப்பு. மழைக்குச் சொல்லும் ரெட் அலர்ட் வேறு. துறைமுகத்தில் ஏற்றும் 1 முதல் 11 வரையிலான கூண்டு எண்கள் கப்பல்களுக்கானவை. "இன்னும் மூணாம் நம்பர்தானே" என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

ஒத்திகையை இரண்டு முறை நடத்த எண்ணம்: ஒன்று பகலில், ஒன்று இருட்டிய பிறகு, மின்சாரத்தை அணைத்துவிட்டு. பல்நோக்குப் பேரிடர் மையம் வரை எல்லாரும் நடக்க வேண்டும். கடைசி ஆள் வந்து சேர்ந்த நேரத்தைக் குறியுங்கள்; முதல் ஆள் நேரத்தால் ஒரு பயனும் இல்லை. கையெழுத்து, போட்டோவோடு முடிந்தால் அது ஒத்திகையே அல்ல. சாவி யாரிடம் இருக்கிறது, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, பெண்கள் பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜனம் மையத்துக்கு வர மறுப்பதற்கு அலட்சியத்தைவிடக் கழிப்பறையும் ஆடு மாடும்தான் பெரிய காரணம். மாட்டைக் கட்டிவைத்துவிட்டுப் போகாதீர்கள், அவிழ்த்துவிட்டால் மேட்டைத் தேடிப் போய்விடும்.

வீட்டு அட்டை ஒரே பக்கம்: படுக்கையில் இருப்பவர், கர்ப்பிணி, இன்சுலின் போடுபவர், இவர்களை யார் கூட்டிப்போவது, அவர் ஊரில் இல்லாவிட்டால் மாற்று ஆள் யார். மாற்று ஆள் கட்டாயம். நம்ம ஊரில் பாதி இளவட்டம் இந்த மடற்குழுவில்தான் இருக்கிறது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070 இரண்டும் அட்டையில் பெரிதாக இருக்கட்டும். வி.ஏ.ஓ.விடமும் ஒரு பிரதி கொடுப்போம்.

வெள்ளத்துக்குப் பின் கிணற்றுத் தண்ணீரை எப்படிச் சுத்தம் செய்வது என்று மஸ்கட் தம்பி கேட்டிருந்தார். உருண்டைக் கிணறு என்றால்: குறுக்களவை (மீட்டரில்) அதே எண்ணால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, 4ஆல் வகுத்தால் ஆயிரம் லிட்டர் கணக்கு வரும். குறுக்களவு 2, ஆழம் 3 என்றால் ஏறக்குறைய 9,400 லிட்டர். வெள்ளத்துக்குப் பின் ஆயிரம் லிட்டருக்கு 5 கிராம் பிளீச்சிங் பவுடர், ஆக 47 கிராம். வாளியில் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, ஐந்து பத்து நிமிடம் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் கிணற்றில் கலக்குங்கள். அடியில் நிற்கும் சுண்ணாம்பு வேண்டாம், தண்ணீர் கடினமாகிவிடும். ஒரு மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். டேங்க் ஆப்பரேட்டரிடம் இருக்கும் குளோரோஸ்கோப்பில் (குளோரின் அளவு காட்டும் கருவி) பார்க்கலாம். போன வருஷம் பிரித்த மூட்டையை நம்ப வேண்டாம், ஈரம் பட்டால் வீரியம் போய்விடும். தகர டப்பாவும் ஆகாது, அரித்துவிடும். மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாதான்.

கிணற்றில் கடல்நீர் புகுந்துவிட்டால் மோட்டார் போட்டு இறைத்துத் தள்ளாதீர்கள். மணலுக்கடியில் உப்புநீர் மேல் நல்ல தண்ணீர் மெல்லிய படலமாகத்தான் மிதக்கிறது; அதிகம் இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலேறும். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்கிலங்கையில் கிணறுகளைச் சுத்தம் செய்கிறோம் என்று மிஞ்சி இறைத்த இடங்களில் இதுதான் நடந்தது. குப்பையையும் சேற்றையும் மட்டும் எடுத்துவிட்டு மழைக்கு விடுவது நல்லது.

மின்சாரம் போனால் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டர் வாங்கலாம் என்று சிங்கப்பூர் அண்ணன் சொன்ன யோசனை நல்லதே, அளவு மட்டும் போதாது. மேல்நிலைத் தொட்டிக்கு 5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டார். பெயருக்கு 3.7 கிலோவாட்தான், ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு இழுக்கும். 5 கே.வி.ஏ. (ஜெனரேட்டர் திறனின் அளவு) வாங்கினால் மூச்சு முட்டி நின்றுவிடும். 12.5 அல்லது 15 கே.வி.ஏ., மூன்று பேஸ் வேண்டும். சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் (லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் இணைப்பது) இல்லாமல் இணைத்தால் மின்சாரம் லைனுக்குத் திரும்பி, கம்பத்தில் ஏறி வேலை செய்கிற வயர்மேன் உயிர் போகும். ஓடியும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது என்று அர்த்தம். நிறுத்திவிட்டு ஏதாவது இரண்டு பேஸ் வயரை மாற்றிப்போடுங்கள். வாங்குவதைவிட வாடகைக்கு முன்பதிவு செய்வது மேல். சும்மா கிடக்கும் ஜெனரேட்டர் தேவைப்படும் அன்றைக்கு ஸ்டார்ட் ஆகாது.

சுனாமிக்கு வேறு பாடம். வெளிநாட்டுச் சுவரொட்டியில் "நிலம் பலமாகக் குலுங்கினால் ஓடு" என்றிருக்கும். 2004 நிலநடுக்கம் நம் நேரப்படி காலை 6.29க்கு, அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நிலநடுக்கத்தின் மையம் அவ்வளவு தூரத்தில் இருந்தால் நமக்குப் பெரிய குலுக்கல் தெரியாது. கடல் உள்வாங்கினாலோ எச்சரிக்கை வந்தாலோ ஓடவேண்டும், குலுக்கலுக்குக் காத்திருக்கக் கூடாது. முதல் அலை போனதும் திரும்பக் கூடாது. ஒடிசாவின் வெங்கட்ராய்ப்பூரும் நோலியாசாஹியும் 2020இல் யுனெஸ்கோவின் "சுனாமிக்குத் தயார்" அங்கீகாரம் பெற்றன. நம் ஊர் போன்ற கடலோர ஊர்கள்தான். அதற்கான 12 அளவுகோல்களில் வரைபடமும் ஒத்திகையும் உண்டு. நாமும் அதையே பாடத்திட்டமாக வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமைக்குள் மூன்று தகவல் வேண்டும்: தெருவுக்கு ஒரு பொறுப்பாளர், வாடகை ஜெனரேட்டர் விலை, உங்கள் வீட்டு அட்டைக்கான மாற்று ஆள். மாற்று ஆள் பெயர் வராத வீடுகளுக்கு ஞாயிறன்று நாங்களே போன் போடுவோம்.

பயிற்சிக் குழு