கிணற்றில் பெற்றோல் வாடை: எங்கிருந்து ஆராயத் தொடங்குவது?

கேள்வி (இணுவில், யாழ்ப்பாணம்):
எங்கள் வளவுக்கு அருகிலுள்ள எரிபொருள் நிலையமொன்றின் நிலக்கீழ்த் தாங்கி கசிந்திருக்கலாம் என்று அயலவர் பேசிக்கொள்கிறார்கள். மாரி தொடங்கிக் கிணற்று நீர்மட்டம் உயர்ந்ததிலிருந்து பெற்றோல் வாடை வீசுகிறது. நீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா? கசிவு அங்கிருந்துதான் வந்தது என்பதை எவ்வாறு உறுதிப்படுத்துவது?

பதில் 1:
குடிக்க வேண்டாம். கொதிக்க வைத்தால், பெற்றோலிலுள்ள நச்சுப்பொருளான பென்சீன் ஆவியாகிச் சமையலறைக் காற்றில் கலக்கும். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம். மாதிரியைக் கண்ணாடிப் போத்தலில் காற்றுக்குமிழி எஞ்சாதபடி நிரப்பி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டு செல்லுங்கள். (பிளாஸ்ரிக் சோடாப் போத்தலில் கொண்டுபோய்த் திரும்பி வந்தவன் நான்.)

பதில் 2:
மூலத்தைக் கண்டறிவதே சிக்கலானது. ஒரே கோட்டில் அமையாத மூன்று கிணறுகளிலேனும், ஒரே நாளில், இறைப்பதற்கு முன், கடல்மட்டத்தை அடிப்படையாகக் கொண்டு நீர்மட்டத்தை அளந்தால் நிலத்தடி நீர் செல்லும் திசை புலப்படும். ஆயினும் எமது சுண்ணாம்புக்கல்லில் நீர் வெடிப்புகளினூடாக ஓடுவதால், மணல் நிலத்துக்குரிய கணக்கு இங்கு அப்படியே பொருந்தாது. பெற்றோல் நீரைவிட இலேசானது. மட்டம் ஏறி இறங்கும்போது கல்லிடுக்குகளில் படிந்து, அடுத்த மாரியில் மீண்டும் கரையும். ஆகவே கோடையில் எடுத்த ஒரு மாதிரி சுத்தமாக இருந்தாலும் அதை நம்பியிருக்க முடியாது. தாங்கியருகே துளையிட்டு, ஆழவாரியாக மண்மாதிரியும் எடுக்கப்பட வேண்டும்.

பதில் 3:
பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் முறையிடுங்கள். நிலத்தடி நீரை மாசுபடுத்திய சுன்னாகம் மின்நிலைய எண்ணெய்க் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019இல் நட்டஈடு வழங்கப் பணித்தது. அத்தகைய வழக்குகளில் திகதியிட்ட ஆய்வறிக்கைகளே பேசும்.